பெட் ஸ்கேன் எடுத்தீர்கள், மேமோகிராமை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 47. மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "ரெமிஷனில் இருக்கிறீர்கள்" என்றார் டாக்டர், அதாவது இப்போது நோயின் தடயம் இல்லையாம். தினமும் டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. ராத்திரி வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். என் கணவருக்குப் பயம் அதிகம். அவர் வற்புறுத்தியதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேனும் ட்யூமர் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையும் நாங்களாகவே எடுத்துக்கொள்கிறோம். போன மாதம் சிஏ 15-3 என்ற மார்க்கரின் அளவு 34 என்று வந்தது. 30-க்குள் இருக்க வேண்டுமாம். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் மார்பகத்துக்கான எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுக்கவில்லை. நாத்தனார் ஒரு மூலிகைப் பொடி கொடுத்து, இதைச் சாப்பிட்டால் அந்த மாத்திரையே வேண்டாம் என்கிறார். முடி வளர பயோட்டினும் எடுக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா? எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? இனி எப்படி இருந்தால் திரும்ப வராது?

— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். உங்களுக்கு டமாக்ஸிஃபென் எழுதியிருக்கிறார்கள் என்றால், உங்கள் கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தயவில் வளர்கிற ரகம் என்று அர்த்தம். அந்த ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை இந்த மாத்திரை அடைத்து வைக்கிறது. இந்த ரகக் கட்டி உள்ளவர்கள் ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால், முதல் 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பத்து வருடம் வரை தொடர்வதில் கூடுதல் பலன் உண்டு என்று 2012-இல் வெளிவந்த அட்லஸ் ஆய்வு காட்டியது. உங்களுக்கு எத்தனை வருடம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒன்றரை வருடம் என்பது எந்தக் கணக்கிலும் பாதி வழிகூட இல்லை.

சரி, அந்தக் கொதிப்பு? அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. நிறையப் பெண்கள் டாக்டரிடம் இதைச் சொல்வதே இல்லை. "உயிரோடு இருக்கிறோம், இதைப் போய்ச் சொல்வதா" என்று கூச்சப்பட்டு, ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்ஸின் என்ற மருந்து சிறிய அளவில் இந்தக் கொதிப்பை நன்றாகக் குறைக்கும். ஆனால் மனச்சோர்வுக்கே கொடுக்கும் பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் இரண்டும் டமாக்ஸிஃபெனுக்கு ஆகாது. கல்லீரல் டமாக்ஸிஃபெனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றுவதை அவை தடுத்துவிடும். அதனால் வேறு எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும், "நான் டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த 34. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது நோய் அல்ல, ஒரு எண். சிஏ 15-3 என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், புற்றுநோய்ச் செல்கள் மட்டும் கக்குகிற விஷம் ஒன்றும் இல்லை. கல்லீரல் கோளாறிலும், மார்பகத்தில் வரும் சாதாரணக் கட்டிகளிலும் அது ஏறும். 30 என்ற எல்லைக்கோடும் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். முழு ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் சிலர் அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பார்கள். கோட்டைப் போடும் முறையே அப்படி. இன்னொரு பக்கம், நோய் திரும்பிய சிலருக்கு இந்த அளவு ஏறுவதே இல்லை. ஏறினாலும் நம்ப முடியாது, ஏறாவிட்டாலும் நம்ப முடியாது என்றால் அந்த டெஸ்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அறிகுறி எதுவும் இல்லாத ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு ட்யூமர் மார்க்கரை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன் போன்றவற்றுக்கும் அதே பதில்தான்.

"முன்னாடியே கண்டுபிடித்தால் நல்லதுதானே?" என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. இதை இத்தாலியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து இரண்டு ஆய்வுகளில் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 1994-இல் வெளிவந்தன. ஒரு குழுவுக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே போன்ற சோதனைகள். இன்னொரு குழுவுக்கு டாக்டர் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும் மேமோகிராமும் மட்டும். உயிர் பிழைத்திருப்பதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. சினைப்பைப் புற்றுநோயில் சிஏ 125 என்ற மார்க்கரை வைத்து 2010-இல் வந்த ஆய்விலும் இதே கதை. எண் ஏறியதுமே கீமோ ஆரம்பித்தவர்கள், அறிகுறி வரும்வரை பொறுத்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. கீமோவின் அவதியைத்தான் முன்கூட்டியே அனுபவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு வேறு புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் டெஸ்ட்டை நிறுத்திவிடக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயில் சிஇஏ என்ற மார்க்கரைப் பார்ப்பதும், விதைப்பைப் புற்றுநோயில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற மார்க்கர்களைப் பார்ப்பதும் உண்மையிலேயே பயன்படும். அங்கே எண் ஏறினால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. திரும்பி வந்த பெருங்குடல் புற்றுநோயை வெட்டி எடுத்தே குணப்படுத்தக் கூடிய வாய்ப்பு சிலருக்கு உண்டு. எந்த டெஸ்ட்டுக்கும் முன்னால் டாக்டரிடம் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: "இது இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த டெஸ்ட் வேண்டாம்.

அந்தக் கேள்விக்கு உங்கள் விஷயத்தில் நல்ல பதில் உள்ள டெஸ்ட் மேமோகிராம். அதைத்தான் விட்டுவிட்டீர்கள்! கடிதத்தைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்த இடம் அந்த 34 இல்லை, இதுதான். பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைப் பிரகாசமாகக் காட்டும். ஒரு சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி அதில் மாட்டாமல் போகலாம். தடுப்பூசி போட்ட கைப்பக்கம் வீங்கிய நெறிக்கட்டியோ ஆறிக்கொண்டிருக்கும் புண்ணோ பளிச்சென்று தெரிந்து, தேவையில்லாமல் ஒரு பயாப்ஸி வரை இழுத்துக்கொண்டு போகும். போதாததற்குக் கதிர்வீச்சு வேறு. கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தை வைத்திருக்கும் உங்களுக்கு, அதே மார்பகத்தில் திரும்புவதையும் மறுபக்கத்தில் புதிதாக வருவதையும் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பது மேமோகிராம்தான். ரேடியேஷன் முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் முதலாவது, பிறகு வருடம் ஒன்று. டாக்டர் நேரில் பரிசோதிப்பது முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

இடைப்பட்ட நாட்களில் உங்கள் உடம்புதான் ஸ்கேன். தழும்பிலோ அக்குளிலோ புதுக் கட்டி, படுத்தாலும் தீராத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சு வாங்குதல், காரணமில்லாத எடைக் குறைவு, நாளுக்கு நாள் கூடும் தலைவலி — இவற்றில் எது இரண்டு மூன்று வாரம் நீடித்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போங்கள். ஒரு நாள் முதுகு வலித்தால் அது முதுகு வலிதான். டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கோ, நிற்காதவர்களுக்கு வழக்கத்துக்கு மாறான போக்கோ இருந்தால், கருப்பையின் உட்சுவரைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

நாத்தனாரின் பொடிக்கு வருகிறேன். அன்பில்தான் கொடுத்திருப்பார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் "மாத்திரையே வேண்டாம்" என்கிற இடத்தில் அந்த அன்பு ஆபத்தாகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குணப்படுத்தக் கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழிக்கு மட்டும் போனவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். அதே குழு 2018-இல் செய்த இன்னொரு ஆய்வு இதைவிட யோசிக்க வைப்பது. வழக்கமான சிகிச்சையோடு மூலிகை, யோகா போன்ற துணைச் சிகிச்சையும் எடுத்தவர்களுக்கும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. ஆராய்ந்தபோது, துணைச் சிகிச்சையை நாடியவர்கள் கீமோவையோ ரேடியேஷனையோ ஹார்மோன் மாத்திரையையோ மறுத்ததுதான் அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

என்னைப் பார்க்க வந்த ஒரு அம்மா, நான் கேட்டபோது "வேறு ஒன்றும் சாப்பிடவில்லை டாக்டர்" என்றார். அவர் மகள் பேசாமல் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பதினொரு டப்பா. நாலில் லேபிளே இல்லை. ஒன்றின் மூடியில் பேனாவால் "காலை" என்று மட்டும் எழுதியிருந்தது. "இதெல்லாம் மருந்து இல்லையே" என்றார் அந்த அம்மா. கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மனசுக்கு நல்லது என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, பல புற்றுநோய் மருந்துகளைக் கல்லீரல் சீக்கிரமே கழித்துவிடும்படி செய்து, ரத்தத்தில் அவற்றின் அளவைக் குறைத்துவிடும். வைட்டமின்தானே என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி வைட்டமின் இ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. உங்கள் பொடியில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் தெரியாதவரை தொடாதீர்கள். தெரிந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். நாத்தனாரிடம் "டாக்டர் திட்டுவார்" என்று என் தலையில் பழியைப் போட்டுவிடுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

பயோட்டினையும் சொல்ல வேண்டும். அதிக அளவில் எடுத்தால் அது ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். சிலவற்றைக் கூட்டிக் காட்டும், சிலவற்றைக் குறைத்துக் காட்டும். தைராய்டு டெஸ்ட், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின், சில மார்க்கர்கள் எல்லாம் இதில் அடக்கம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இலேயே எச்சரித்தது. உங்கள் 34-க்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன் லேபிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள், எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். அந்த 34-ஐயும் மறைக்காமல் காட்டுங்கள். தேவை என்று பட்டால் சில வாரம் கழித்து அதே லேபில் திரும்பப் பார்க்கச் சொல்வார்.

துணைச் சிகிச்சை எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். யோகா செய்தவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டதை முறையான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் அரோமடேஸ் தடுப்பு மாத்திரை சாப்பிடும் பெண்களின் மூட்டு வலி அக்குபங்சரில் ஓரளவு குறைந்தது என்று 2018-இல் 226 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. இவை அவதியைக் குறைக்கும். புற்றுநோயைக் குணப்படுத்துவோம் என்று ஆரம்பித்தால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

திரும்ப வராமல் இருக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். உத்தரவாதம் தர யாராலும் முடியாது. ஆனால் உடற்பயிற்சியைப் பற்றி 2025-இல் ஒரு நல்ல செய்தி வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 90 சதவீதம், இரண்டாவதில் 83. அது வேறு புற்றுநோய்தான், உங்களுடையதற்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் களைப்பு, எலும்பு, மூட்டு, தூக்கம் இத்தனைக்கும் நடை உதவும் என்பது உறுதி. பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் வாரம் 150 நிமிடம். இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. அக்குள் நெறிக்கட்டி எடுத்த கையால் எதையும் தூக்கக் கூடாது என்பது பழைய பயம். படிப்படியாக எடையைக் கூட்டினால் கை வீக்கம் மோசமாவதில்லை என்று 2009-இலேயே காட்டிவிட்டார்கள். சிறிய எடையில், தெரிந்தவர் மேற்பார்வையில் தொடங்குங்கள். மதுப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது மார்பகப் புற்றுநோய்க்கு நேரடிக் காரணங்களில் ஒன்று. எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி உணவு விஷயத்தில் உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீமோ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு அப்போது செய்வதற்கு எதுவும் இல்லை, இப்போது ஸ்கேன் புக் செய்வதாவது கையில் ஒரு வேலை. வேறு வேலை கொடுங்கள். நீங்கள் விழுங்கும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைப்பது, மாலையில் உங்களோடு நடப்பது, இந்த வாரமே மேமோகிராமுக்குத் தேதி வாங்குவது. பழைய படங்களையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும். அன்று காலை நீங்கள் அக்குளில் டியோடரன்ட், பவுடர் எதுவும் போடாமல் போங்கள். அதிலுள்ள துகள்கள் படத்தில் கால்சியம் புள்ளி மாதிரி விழுந்து, இன்னொரு 34-ஐக் கிளப்பிவிடும்.