அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் ஃபேன்ஸ் ஏன் பிளேயரோட அம்மா வீட்டுப் பத்திரத்தை எல்லாம் தேடுறாங்க? அதுல உண்மை இருக்கா?

கேட்டவர் சொல்றது என்னன்னா, ஹைஸ்கூல் ஸ்டார் பிளேயர் ஒருத்தன் ஒரு யூனிவர்சிட்டில சேரப்போறேன்னு அறிவிச்சதும், அவனை கோட்டை விட்ட டீமோட ஃபேன்ஸ் உடனே "அவங்க அம்மா இப்ப இருக்கற வீடு யார் பேர்ல இருக்கு, எப்ப வாங்கினது, யார் பணம்"னு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ரெக்கார்டை தோண்ட ஆரம்பிச்சிடறாங்களே, இது வெறும் வயித்தெரிச்சலா இல்ல நிஜமாவே அப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கு. ஆனா தோண்டறவங்க முக்காவாசி நேரம் தப்பான வீட்டைத் தோண்டறாங்க. ரெண்டையும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் டல்லஸ் பக்கத்துல ஒரு டைட்டில் கம்பெனில பதினோரு வருஷமா இருக்கேன். நம்ம ஊர்ல வீடு வாங்கறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாப்போம்ல, கிட்டத்தட்ட அந்த வேலைதான், பழைய பத்திரத்தை எல்லாம் வரிசையா எடுத்து யார் யாருக்கு வித்தாங்க, எந்த பேங்க்ல கடன், வரி பாக்கி இருக்கா, கோர்ட் கேஸ் இருக்கானு பாத்து எழுதிக் குடுக்கணும். சனிக்கிழமை ஆனா காலைல இருந்து ராத்திரி வரைக்கும் காலேஜ் ஃபுட்பால். அதனால இந்த கேள்வி எனக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்ச விஷயம்.

முதல்ல ஏன் வீடுங்கறது புரியணும். 2021 வரைக்கும் காலேஜ் பிளேயருக்கு ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்கற இடம், கைச்செலவுக்கு கொஞ்சம், இதைத் தாண்டி பெருசா எதுவும் குடுக்கக் கூடாதுனு காலேஜ் விளையாட்டை நடத்தற அமைப்பான என்சிஏஏ ரூல். ஸ்டேடியத்துல எண்பதாயிரம் பேர், டிவி ஒப்பந்தம் கோடிக்கணக்குல, கோச்சுக்கு மில்லியன் கணக்குல சம்பளம், ஆனா விளையாடற பையனுக்கு காசு குடுத்தா குத்தம். அப்ப பணம் பக்கவாட்டுல தான போகும். பூஸ்டர்னு சொல்லுவாங்க, யூனிவர்சிட்டிக்கு நன்கொடை குடுக்கற பெரிய கைகள், ஒவ்வொரு ஊர்லயும் அதுல நெறைய பேர் ரியல் எஸ்டேட், கார் டீலர்ஷிப், எண்ணெய் பிசினஸ் ஆளுங்க. கவர்ல வெச்சு குடுத்த பணத்துக்கு சாட்சி கிடையாது. வீட்டை அப்படி மறைக்க முடியாது, அது கவுண்டி ஆபீஸ்ல தேதியோட பதிவாகி உக்காந்திருக்கும். ஃபேன்ஸ் அங்க போய் நிக்கறதுக்கு காரணம் அதுதான்.

எங்க டல்லஸ் கதையே எடுத்துக்கங்க, எஸ்எம்யூ, சதர்ன் மெதடிஸ்ட் யூனிவர்சிட்டி. எண்பதுகள் ஆரம்பத்துல நாட்டுலயே பெரிய டீம்ல ஒண்ணு. அப்ப டல்லஸ்ல நிலமும் எண்ணெயும் கொடிகட்டிப் பறந்த நேரம், அந்தப் பணக்காரங்க தான் பூஸ்டர். 1986ல ஒரு பழைய பிளேயர் லோக்கல் டிவில உக்காந்து, என்னை சேக்கறதுக்கு 25,000 டாலர் குடுத்தாங்க, மாசாமாசமும் குடுத்தாங்கனு சொன்னதும் எல்லாம் வெளிய வந்துச்சு. 1985-86ல மட்டும் 13 பிளேயருக்கு சுமார் 61,000 டாலர் போயிருக்குனு என்சிஏஏ கண்டுபிடிச்சு 1987 சீசனையே ரத்து பண்ணாங்க, அதுக்கு டெத் பெனால்டினே பேரு. இதுல உச்சம் என்னன்னா, யூனிவர்சிட்டி போர்டு தலைவரா இருந்த பில் கிளெமென்ட்ஸ் அப்ப டெக்சாஸ் கவர்னர், பணம் தொடர்ந்து போறது தெரிஞ்சும் விட்டோம்னு அவரே ஒத்துக்கிட்டார், ஏற்கனவே வாக்கு குடுத்த பசங்களுக்கு படிப்பு முடியற வரைக்கும் குடுத்துடலாம்னு முடிவு பண்ணாங்களாம். அதுக்கப்புறம் 2009 வரைக்கும் அந்த டீம் ஒரு போல் கேம் கூட ஆடல, அது சீசன் முடிவுல நல்லா ஆடின டீமுக்கு கிடைக்கற ஸ்பெஷல் மேட்ச். ஒரு தலைமுறையே போச்சு. இந்த ஊர்ல வயசானவங்க கிட்ட இன்னிக்கு பேசினாலும் அந்த வலி தெரியும்.

ஆனா வீடுன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ரெஜி புஷ். யூஎஸ்சி, அதாவது சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில ஆடின ரன்னிங் பேக், வருஷத்தோட சிறந்த காலேஜ் பிளேயருக்கு குடுக்கற ஹைஸ்மன் டிராஃபியை 2005ல வாங்கினவர். அவர் அப்பா அம்மா சான் டியேகோ பக்கம் ஸ்பிரிங் வேலினு ஒரு இடத்துல ஏழரை லட்சம் டாலருக்கு மேல மதிப்புள்ள வீட்டுல வாடகை குடுக்காம இருந்தாங்க, வீடு இருந்தது ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங் கம்பெனி ஆரம்பிக்கணும்னு இருந்த ஒருத்தர் பேர்ல, பையன் நாளைக்கு என்எஃப்எல்னு சொல்ற புரொஃபஷனல் லீக்குக்கு போகும்போது நம்ம கிளையண்ட் ஆவான்ங்கற கணக்கு. 2006ல ரிப்போர்ட்டர்ஸ் வெளிய கொண்டு வந்தாங்க. 2010ல என்சிஏஏ தீர்ப்பு, யூஎஸ்சி டீமுக்கு ரெண்டு வருஷம் போல் கேம் தடை, 30 ஸ்காலர்ஷிப் கட், ஜெயிச்ச 14 மேட்ச் கணக்குல இருந்து அழிப்பு. புஷ் டிராஃபியை விட்டுக் குடுத்தார், 2024 ஏப்ரல்ல தான் திருப்பிக் குடுத்தாங்க. இதுல ஒண்ணு கவனிங்க, வீட்டைக் குடுத்தவர் யூஎஸ்சி ஆள் கிடையாது, பையனை யூஎஸ்சிக்கு இழுக்கறதுக்காக குடுத்ததும் கிடையாது. ஆனா ஃபேன்ஸ் மனசுல "வீடு குடுத்து வாங்கினாங்க"னு பதிஞ்சு போச்சு.

உண்மையிலேயே ரெக்ரூட்டிங்கும், அதாவது பிளேயரை டீமுக்கு சேக்கறதும், வீட்டு விலையும் ஒரே கேஸ்ல வந்து நின்னது ஃபுட்பால்ல இல்ல, ஃபென்சிங்ல. கத்திச்சண்டை. அதுவும் ஹார்வர்டுல. பாஸ்டன் பக்கத்துல நீடம்னு ஒரு டவுன், அங்க ஹார்வர்டு ஃபென்சிங் கோச்சோட வீடு, சொத்து வரிக்காக டவுன் அசெஸர் போட்ட மதிப்பு 5,49,300 டாலர். 2016 மே மாசம் மேரிலண்ட்ல இருக்கற ஒரு பிசினஸ்மேன் அதை 9,89,500 டாலருக்கு வாங்கறார். அவரோட மூத்த பையன் ஏற்கனவே ஹார்வர்டு டீம்ல, சின்னவன் காலேஜ் தேடற வயசுல. வாங்கினவர் அந்த வீட்டுல ஒரு நாள் கூட குடியிருக்கல. பதினேழு மாசம் கழிச்சு 6,65,000க்கு வித்துட்டார், 3,24,500 டாலர் நஷ்டம், அதுவும் பாஸ்டன் ஏரியால வீட்டு விலை ஏறிட்டு இருந்த நேரத்துல. நான் இந்த வேலைல எத்தனையோ பத்திரம் பாத்திருக்கேன், அசெஸர் மதிப்பும் விலையும் என்னிக்கும் ஒத்துப்போகாது, மார்க்கெட் எப்பவும் கொஞ்சம் மேல இருக்கும், அது சகஜம், ஆனா 4,40,200 டாலர் வித்தியாசம், அதையே அடுத்த வருஷம் மூணு லட்சம் கீழ வித்ததுனு ரெண்டையும் சேத்து பாத்தா எங்க ஆபீஸ்ல யாரா இருந்தாலும் பேனாவை கீழ வெச்சுட்டு யோசிப்பாங்க. அந்த டவுன் அசெஸிங் ஆபீஸ்லயே விலையைப் பாத்து குழம்பியிருக்காங்க. 2019 ஏப்ரல்ல பாஸ்டன் குளோப் எழுதுச்சு, ஜூலைல கோச்சை வேலைய விட்டு எடுத்தாங்க, 2020 நவம்பர்ல ரெண்டு பேர் மேலயும் லஞ்ச கேஸ்.

2022 டிசம்பர்ல ஜூரி ரெண்டு பேரையும் நிரபராதினு விட்டுட்டாங்க. பசங்க ரெண்டு பேரும் படிப்புலயும் ஆட்டத்துலயும் தகுதியோட தான் சேந்தாங்க, பெரியவங்க நண்பர்கள், நண்பனுக்கு உதவினதுனு டிஃபென்ஸ் வாதம். கோர்ட் சொன்னதை நான் மதிக்கறேன். பத்திரத்துல விலை இருக்கும், எதுக்காக அந்த விலை குடுத்தாங்கங்கறது இருக்காது. இவ்வளவு பட்டவர்த்தனமான நம்பர் இருந்த கேஸ்லயே இப்படின்னா, நீங்க போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பற ஒரு பக்க ரெக்கார்டை வெச்சு எப்படி ஒரு குடும்பத்தை திருடன்னு சொல்லுவீங்க?

எதிர்ப்பக்கமும் உண்டு, பாத்தா பகீர்னு இருக்கும், ஆனா சட்டப்படி சரியா இருக்கும். அலபாமா யூனிவர்சிட்டி ஃபுட்பால் கோச்சா இருந்த நிக் சேபனோட டஸ்கலூசா வீட்டை 2013ல அந்த யூனிவர்சிட்டியோட அத்லெடிக்ஸ் ஃபவுண்டேஷன் 31 லட்சம் டாலருக்கு வாங்கிட்டு அவரையே அதுல குடியிருக்க விட்டாங்க. கோச் சம்பந்தப்பட்டதுனால அதுல ரூல் எதுவும் மீறல. ஆபர்ன் யூனிவர்சிட்டிக்கு ஆடின கேம் நியூட்டன் விஷயத்துல, அவர் அப்பா வேற ஒரு யூனிவர்சிட்டி கிட்ட லட்சத்துக்கு மேல டாலர் கேட்டார்ங்கறது நிஜம், அப்பா நடத்தின சர்ச் கட்டடத்தை சிட்டி இடிக்கப் போறாங்கனு இருந்ததும் நிஜம், ஆனா ஆபர்ன் காசு குடுத்துச்சுனு என்சிஏஏவால காட்ட முடியல, 2011 அக்டோபர்ல ஃபைலை மூடிட்டாங்க.

இப்ப நம்ம ஃபேன்ஸ் என்ன பண்றாங்கனு சொல்றேன், நானும் அதுல ஒருத்தனா இருந்தேன். டெக்சாஸ்ல முதல் சிக்கல், இங்க வித்த விலை பப்ளிக் ரெக்கார்ட்லயே வராது. கிரயப் பத்திரத்துல "பத்து டாலரும் இதர மதிப்புள்ள பிரதிபலனும்"னு தான் எழுதுவாங்க, பத்து லட்சத்துக்கு வித்தாலும் அதே வரி. புதுசா பாக்கறவன் "பத்து டாலருக்கு வீடு எழுதிக் குடுத்துட்டாங்கடா"னு குதிக்கறான். நான் நிஜமா பாத்திருக்கேன், ஒரு தடவை இல்ல பல தடவை.

2018 பிப்ரவரி. எங்க ஃபேன் வாட்ஸ்அப் குரூப்ல, டீம் பேர் வேணாம், ஒரு லைன்பேக்கர் பையன் எங்களுக்கு வர்றதா இருந்து கடைசி நாள்ல எதிரி டீமுக்கு போயிட்டான். போன ஆகஸ்ட்ல தான் அவங்க அம்மா வீடு மாறினாங்க, வித்தவன் ஒரு எல்எல்சி கம்பெனினு ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார், குரூப்ல ஒரே கொண்டாட்டம். "ப்ரோ நீ டைட்டில்ல தான இருக்க, பாத்து சொல்லு"னு என்னைக் கேட்டாங்க. லஞ்ச் டைம்ல பாத்தேன். அந்த எல்எல்சி பேர் எங்க ஆபீஸ்ல மாசம் ரெண்டு தடவை வரும், ஏலத்துக்கு வர்ற வீட்டை வாங்கி பெயிண்ட் அடிச்சு கிச்சன் மாத்தி விக்கற ஆளுங்க. அந்த அம்மா பேர்ல முப்பது வருஷ எஃப்ஹெச்ஏ லோன், அதாவது கைக்காசு மூணரை சதவீதம் போட்டா போதும்ங்கற கடன். அதுக்கு கீழ இன்னொரு சின்ன கடன், அந்த மூணரை சதவீதமும் கைல இல்லாதவங்களுக்கு குடுக்கற உதவித் திட்டம். யோசிச்சு பாருங்க, யாரோ வீடு வாங்கிக் குடுத்திருந்தா எதுக்கு இந்த ரெண்டாவது கடன்? கடன் பத்திரம் முழுசா ஸ்கேன் பண்ணி இருக்கும், பேருக்குப் பக்கத்துல தனித்து வாழும் பெண்னு குறிச்சிருக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் இனிஷியல், கடைசிப் பக்கத்துல கையெழுத்து, அவசரத்துல கிறுக்கின மாதிரி இல்லாம ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி போட்டது. வீடு வாங்கறவங்க கையெழுத்து போடற எத்தனையோ குளோசிங் டேபிள்ல உக்காந்திருக்கேன், அது முதல் வீடு வாங்கறவங்க போடற கையெழுத்து, பாத்தாலே தெரியும்.

குரூப்ல சொன்னேன், லோன் இருக்கு, கிளீன், விடுங்கடானு. அதோட நிறுத்தியிருக்கணும், நம்பட்டும்னு லிங்கையும் போட்டேன், அதுல அட்ரஸ் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு போட்டோ வந்துச்சு. யாரோ காரை ஓட்டிட்டுப் போய் எதிர்ல நிறுத்தி எடுத்தது. கராஜ் கதவு பாதி திறந்திருக்கு, உள்ள ஒரு சின்னப் புள்ள சைக்கிள், வாஷிங் மெஷின் மேல துணிக்கூடை. "இதெல்லாம் எங்கிருந்து காசு"னு கீழ கமெண்ட். எனக்கு கை நடுங்கிடுச்சு. அழிக்கச் சொன்னேன், "பப்ளிக் ரெக்கார்ட் தானப்பா"னு பதில். ஆமா, பப்ளிக் ரெக்கார்ட் தான், அதை எடுத்துக் குடுத்தவன் நான். அன்னிக்கே அந்த குரூப்ல இருந்து வந்துட்டேன், ஆனா போட்டோ அதுக்குள்ள எங்கெங்க போச்சோ.

இப்ப ரூலே மாறிடுச்சு. 2021 ஜூலைல இருந்து பிளேயர் தன் பேரையும் முகத்தையும் வெச்சு சம்பாதிக்கலாம், 2025 ஜூலைல இருந்து யூனிவர்சிட்டியே நேரடியா குடுக்கலாம், ஒரு யூனிவர்சிட்டிக்கு வருஷம் சுமார் 2 கோடி டாலர் வரைக்கும். பத்தொம்பது வயசுப் பையன் அம்மாவுக்கு வீடு வாங்கிக் குடுத்தா இப்ப அது நல்ல செய்தி, மறைக்க ஒண்ணும் இல்ல. சந்தேகம் மட்டும் பழைய இடத்துலயே நிக்குது, போன டிசம்பர்ல கூட ஒரு நண்பர் இந்த மாதிரி ஒரு ரெக்கார்டை அனுப்பினார், பதிவு தேதியைப் பாத்தா 2011, பையன் அப்ப கேஜி படிச்சிருப்பான்.

நிஜமாவே யாராவது கணக்கு கேக்கணும்னா பூஸ்டரோட நிலத்துக்குப் பக்கத்துல திடீர்னு ரோடு வருதா, யூனிவர்சிட்டி ஃபவுண்டேஷன் யார் கிட்ட என்ன விலைக்கு இடம் வாங்குது, கோச் வீட்டை யார் வாங்கினாங்க, இதைக் கேளுங்க. அரசு யூனிவர்சிட்டின்னா ஓப்பன் ரெக்கார்ட்ஸ் சட்டத்துல (நம்ம ஆர்டிஐ மாதிரி) எழுதிப் போட்டு நிறைய விஷயம் வாங்கலாம், நேரம் ஆகும், ஆனா கிடைக்கும். ஹார்வர்டு கேஸ் வெளிய வந்ததும் கோச் வீட்டு விலைல இருந்து தான். பிளேயர் அம்மா வீட்டு அட்ரஸ் உங்க கைல வந்தா தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க.