8 திரெட், 1 திரெட்டை விட மெதுவாக ஓடுவது ஏன்?

உங்கள் சி++ நிரலில் எட்டு திரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), ஒரே வரிசையில் அடுத்தடுத்து உள்ள எட்டு எண்ணிகளில் ஆளுக்கொன்றைக் கூட்டுகின்றன; ஆனாலும் ஒரே திரெட் ஓடுவதை விட மெதுவாக இருக்கிறது என்கிறீர்கள். அந்த எண்ணி வரிசையில் ஒவ்வொரு உறுப்புக்கும் 64 பைட் இடம் ஒதுக்குங்கள், வேகம் திரும்பிவிடும். எண்ணியை ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, 'ஸ்ட்ரக்ட்' என்ற சொல்லுக்கும் அதன் பெயருக்கும் நடுவில் அலைனாஸ்(64) போட்டால் போதும்; ஒவ்வொன்றும் 64 பைட் எல்லையில் தொடங்கும்.

"ஒவ்வொரு திரெட்டும் தன் எண்ணியை மட்டும்தானே தொடுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். நிரலில் அப்படித்தான். ஆனால் உங்கள் இன்டெல் சிப் நினைவகத்தை 64 பைட் கேஷ் லைனாகத்தான் (கேஷ் என்கிற வேக நினைவகத்துக்குள் ஒரே மூச்சில் எடுக்கும் துண்டு) கையாள்கிறது. 8 பைட் எண்ணிகள் எட்டும் சேர்ந்தால் சரியாக 64. ஒரு கோர் (சிப்புக்குள் இருக்கும் தனிச் செயலி) எழுதும்போது, மற்ற கோர்களில் உள்ள அந்த லைனின் நகல் செல்லாததாகிவிடும். அவை மறுபடி வாங்க வேண்டும், எழுத வேண்டும், அடுத்தவர் பிடுங்குவார். ஒரே பேனாவுக்கு எட்டுப் பேர் அடித்துக்கொள்கிற கதைதான். இதற்குப் பெயர் ஃபால்ஸ் ஷேரிங்.

சந்தேகமிருந்தால் லினக்ஸில், கேஷ் லைன் மோதல்களைக் காட்டும் 'பெர்ஃப் சி2சி' கருவியை ஓட்டிப் பாருங்கள். ஹிட்எம் எண்ணிக்கை (வேறொரு கோர் மாற்றி வைத்திருந்த லைனை எத்தனை முறை தொட நேர்ந்தது என்பது) ஒரே லைனில் குவிந்திருந்தால் இதுதான் வியாதி. மெய்நிகர் இயந்திரத்துக்குள் இந்தக் கருவி பெரும்பாலும் வேலை செய்யாது.

நான் செய்வது இன்னும் எளிது: லூப்புக்குள் லோக்கல் மாறியில் கூட்டி, முடிவில் ஒருமுறை மட்டும் வரிசையில் எழுதுவேன்.

அப்புறம், 64 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆப்பிள் எம்1 வகையில் லைன் 128 பைட். அலைனாஸ் போட்ட ஸ்ட்ரக்டை வெக்டாரில் (சி++-இல் நீளம் மாறக்கூடிய வரிசை) வைப்பதாக இருந்தால், மொழியின் 2017 பதிப்பான சி++17 தேவை. பழைய பதிப்பில் அந்த 64 பைட் எல்லை ஒழுங்கமைவுக்கு உத்தரவாதம் கிடையாது.