ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை

வணக்கம் ஐயா,

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். அஞ்சல் துறையில் 37 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இந்த ஜூன் 30-ஆம் தேதி ஓய்வு பெற்றேன். முதல் மூன்று மாதம் நன்றாகவே போனது. விடிகாலையில் காவிரித் துலாக்கட்டம் வரை நடை, திரும்பும் வழியில் ஒரு டீ, பேப்பர், பழைய நண்பர்கள். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நடை நின்றுவிட்டது. மூட்டுவலி வேறு. நாள் முழுவதும் கூடத்தில் நாற்காலி போட்டு மழையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பென்ஷன் லைஃப் சர்டிபிகேட்டுக்காக விரல் வைத்தேன். எத்தனையோ பெரியவர்களுக்கு நானே இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது என் விரலை வைத்தபோது மனது என்னவோ போலாகிவிட்டது. மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் நானும் மனைவியும்தான். அவளுக்கென்ன, காலையிலிருந்து ஏதாவது வேலை இருக்கிறது, பொழுது போய்விடுகிறது. ஆனால் கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். எனக்குத்தான் பொழுது நகர மாட்டேன் என்கிறது. பொங்கல் வரைக்கும் படிக்க ஐந்து புத்தகங்கள் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த மதியம் இங்கேயும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வாரமாகவே அம்மாவைப் பற்றி, அவள் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தின் ஒரு வரி நேராக அந்த நினைப்பின் மேல் வந்து விழுந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். மூட்டுவலிக்கு டாக்டரைப் பாருங்கள். லைஃப் சர்டிபிகேட்டில் மனம் நோக ஒன்றுமில்லை. வருஷா வருஷம் நவம்பரில் வருகிற ஒரு வேலை, அவ்வளவுதான். 2021-இலிருந்து செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வருஷம் அப்படிச் செய்யுங்கள். புத்தகத்துக்கு அப்புறம் வருகிறேன்.

“அவளுக்கென்ன” என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்திருந்தால் அந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன்.

ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் ஒரு வீடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தமிழ்நாட்டுக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் பெய்கிறது. 2022 நவம்பரில் உங்கள் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அன்றைக்கு நீங்கள் தபால் மூட்டை நனையாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். உங்கள் வீட்டு அரிசி மூட்டையை நனையாமல் பார்த்துக்கொண்டது யார்?

மழை பிடித்ததும் உப்பு கசிய ஆரம்பிக்கும். ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போடுவார்கள். ரவையில் வண்டு வரும். வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, ஈரமில்லாத டப்பாவில் கொட்ட வேண்டும். பருப்பில் காய்ந்த மிளகாய், அரிசியில் வேப்பிலை. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. ஃபேனுக்கு அடியில் கொடி கட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் பனியனில் இன்றைக்கு ஈர வாடை அடிக்கவில்லை என்றால், நேற்று ராத்திரி யாரோ எழுந்து அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

மார்கழி வந்தால் வேறு கணக்கு. கோடையில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிகிற இட்லி மாவு, மார்கழியில் வைத்தது வைத்தபடி கிடக்கும். சாயங்காலம் நாலு மணிக்கே அரைத்து, கையாலேயே கரைத்து, அடுப்பு ஓரமாக வைக்க வேண்டும். பால் தோயாது. நல்ல வெதுவெதுப்பு இருக்கும்போதே உறை ஊற்றி, பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் இறக்கிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். நீங்கள் குளித்துவிட்டு வந்து தலைக்குத் தடவும்போது அது உருகியிருக்கிறதே, அந்தப் பாட்டிலை வெயிலில் கொண்டுபோய் வைத்தவர் யார்? இப்போது மழையைப் பார்த்துக்கொண்டே கொறிக்கிறீர்களே கூழ்வடகம், அது பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் காய்ந்தது. பங்குனியிலேயே ஐப்பசியை நினைத்துப் பார்த்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவரைத்தான் “அவளுக்கென்ன” என்கிறீர்கள்.

நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் இதே காலம் வருகிறது. விடாத மழையில் வீட்டுப் புறா இரை தேடப் போக முடியாமல், இரவா பகலா என்று தெரியாமல், இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. சூரியனே தெரியாத அதே நாளில் அந்தப் பாட்டின் பெண்களுக்குப் பொழுது தெரிகிறது. பிச்சி அரும்பு விரிந்து வாசம் வந்ததும், மாலை ஆகிவிட்டது என்று திரியை ஏற்றி, நெல்லும் பூவும் தூவிக் கைகூப்புகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் புறாதான் கண்முன்னால் வந்தது. பொழுது நகரவில்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டில் பொழுது எதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது என்று ஒரு நாளாவது நாற்காலியை விட்டு எழுந்து பாருங்கள்.

ஜூன் 30 அன்று உங்களுக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அன்று சாயங்காலம் காபி போட்டவருக்கு எந்த ஜூனில் ஓய்வு?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவும் சொன்னாலும், அவர் எரிந்து விழுவது வேலையால் என்று நான் நினைக்கவில்லை. வேலை அவருக்குப் பழகியது. அந்த வீட்டில் புதிதாக வந்திருப்பது நீங்கள்.

என் அப்பா 1981-இல் ஓய்வு பெற்றார். திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். ஓட்டு வீடு, கொல்லையில் கீற்றுக் கொட்டகை, ஒரு பசு. அதுவரைக்கும் அம்மாவுக்கு ஒரு மத்தியானம் இருந்தது. அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் ஒழித்துப் போட ஒரு மணி ஆகும். மூன்று மணிக்கு மாட்டைக் கவனிக்கப் போக வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரம். கூடத்தில், நிலைப்படிக்குப் பக்கத்தில், மணையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வாள். இலங்கை வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும். பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்றை நெஞ்சின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு படிப்பாள். படித்ததையே திரும்பப் படிப்பாள். அந்த நேரத்தில் நான் கூப்பிட்டால்கூட உடனே திரும்ப மாட்டாள்.

அப்பா நல்லவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஓய்வு பெற்றதும் நிலைப்படிக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டார், காற்று வரும் என்று. அது அம்மா படுக்கிற இடம் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை, எப்படித் தெரியும்? ரேடியோவைச் செய்திக்குத் திருப்பினார். இரண்டு மணிக்கு ஒரு காபி கேட்டார். வெயில் இருந்தவரை கடைத்தெரு, குளத்தங்கரை என்று போய்வந்தார். அடைமழை பிடித்த பிறகு பொங்கல் வரைக்கும் அந்த நாற்காலிதான்.

அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து, 2009-இல் ஒரு மழை நாளில், அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: “உங்கப்பா ரிட்டயர் ஆன ஐப்பசியோட என் மத்தியானம் போச்சுடா.” குறையாகச் சொல்லவில்லை. கிணறு வற்றிப்போன வருஷத்தைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அப்போது 53 வயது. அவளுக்கென்று அப்படி ஒன்று இருந்ததையே நான் அதுவரை யோசித்ததில்லை.

அதனால் சொல்கிறேன். நாளைக்குச் சாப்பிட்டு முடித்து, உங்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். மூன்று மணி வரைக்கும் வராதீர்கள். நூலகத்துக்குப் போங்கள். நீங்கள் கேட்ட ஐந்து புத்தகத்தையும் அங்கேயே தேடி எடுங்கள். எதுவாக இருந்தாலும் சரி. வெளியே கால் வைக்க முடியாத மழையா, வேறொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். கூப்பிடாதீர்கள். காபி கேட்காதீர்கள். மூன்று மணிக்கு நீங்களே போட்டு அவருக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள். மார்கழியில் மாவு அரைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஆபீசர் புத்தியோடு சமையலறைக்குள் போய் டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டாதீர்கள். ஓய்வு பெற்ற எத்தனையோ பேர் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர் நீங்கள்தான், நீங்கள் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

காலம் கடந்துவிட்டதே என்று மனம் தளராதீர்கள். காவிரியில் ஐப்பசி முழுக்குக்கு நேரத்தில் வந்துசேர முடியாத ஒரு முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்த ஊர் உங்களுடையது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1982 மாட்டுப்பொங்கலுக்கு முதல் நாள் கொட்டகையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கூரை மூங்கிலுக்கும் கீற்றுக்கும் நடுவில், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஏதோ செருகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் காலண்டர் அட்டை போட்ட தொடர்கதை. அந்த மழைக்காலம் முழுக்க, சாப்பாடு ஆனதும் “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்” என்று அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போவாள். வர நேரமாகும். கொசுவும் சாணி ஈரமுமாக, நிற்கவே முடியாத இடம் அது. எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. புத்தகம் இங்கே வந்து கிடக்கிறதே, நனைந்துவிடுமே என்றுதான் நினைத்தேன். துடைத்து எடுத்துக்கொண்டு போய், கூடத்து அலமாரியில், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற அம்மா அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டாள்.