சைப்ரஸ் சமரசம்: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சைப்ரஸ் தீவு கிரேக்க சைப்ரியர், துருக்கிய சைப்ரியர் என இரண்டாகப் பிளவுபட்டதற்கு, 1974இல் துருக்கிப் படை வந்திறங்கியதுதானே தொடக்கம்?

பதில்: கிரேக்க சைப்ரியரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், துருக்கிய சைப்ரியரோ 1963 டிசம்பரிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். பிரிட்டனிடமிருந்து 1960இல் விடுதலை பெற்றபோது உருவான அரசமைப்பு, மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இருந்த துருக்கியருக்கு நாடாளுமன்றத்தில் 30 விழுக்காடு இடங்களையும், வீட்டோ அதிகாரத்தோடு துணைக் குடியரசுத் தலைவர் பதவியையும் அளித்தது. குடியரசுத் தலைவர் மக்காரியோஸ் 1963 நவம்பர் இறுதியில் அதற்கு 13 திருத்தங்களை முன்மொழிய, அடுத்த மாதமே தலைநகர் நிக்கோசியாவில் மோதல் வெடித்தது. சண்டையை நிறுத்துவதற்காகப் பிரிட்டிஷ் தளபதி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்த கோடே பசுமைக்கோடு எனப் பெயர் பெற்றது. கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் 1974 ஜூலை 15 அன்று சைப்ரஸில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பும், ஐந்து நாள் கழித்து நிகழ்ந்த துருக்கியப் படையெடுப்பும் அந்தக் கோட்டைத் தீவின் குறுக்கே 180 கிலோமீட்டருக்கு நீட்டிவிட்டன; வடக்கு துருக்கிய சைப்ரியர் பக்கமாகவும் தெற்கு கிரேக்க சைப்ரியர் பக்கமாகவும் பிரிந்தது.

கேள்வி: ஐம்பது ஆண்டுகளாகப் பேசியும் தீர்வின் வடிவம்கூட முடிவாகவில்லையா?

பதில்: வடிவம் 1977லேயே முடிவாகிவிட்டது. மக்காரியோசும் துருக்கிய சைப்ரியத் தலைவர் டெங்டாஷும் இரு சமூகக் கூட்டாட்சி என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டனர். அதன் பின் வந்த பேச்சுவார்த்தைகள் சிக்கிக்கொண்டது, மைய அரசில் சிறுபான்மைச் சமூகத்தின் இசைவு எந்த அளவுக்குக் கட்டாயம் என்பதிலும், 1960 ஒப்பந்தப்படி கிரேக்கம், துருக்கி, பிரிட்டன் ஆகிய மூன்று உத்தரவாத நாடுகளுக்கும் கிடைத்த தலையிடும் உரிமை தொடர வேண்டுமா என்பதிலும்தான்.

கேள்வி: தீவை மீண்டும் இணைக்க ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் முன்வைத்த திட்டத்தை 2004இல் கெடுத்தவர்கள் யார்?

பதில்: 'கெடுத்தவர்கள்' என்பது கடுமையான சொல். 2004 ஏப்ரல் 24 அன்று இரு பக்கமும் தனித்தனியே நடந்த வாக்கெடுப்பில் துருக்கிய சைப்ரியரில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆம் என்றனர். கிரேக்க சைப்ரியரில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் இல்லை என்றனர். துருக்கியப் படை உடனே முழுமையாக வெளியேறாது, வடக்கில் விட்டுவந்த வீடுகளுக்கு எல்லோராலும் திரும்ப இயலாது, உத்தரவாத ஒப்பந்தமும் நீடிக்கும் என்பதால், அகதியாக வந்த ஒருவர் மறுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். என் குறையெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீதுதான். தீர்வு உறுப்புரிமைக்கு முன்நிபந்தனை ஆகாது என்று 1999இலேயே அது அறிவித்துவிட்டது. வாக்கெடுப்பு முடிந்த ஒரே வாரத்தில், மே 1 அன்று, சைப்ரஸ் உறுப்பினரானது. மறுத்தாலும் இழப்பதற்கு எதுவுமில்லை என்று கிரேக்க சைப்ரியத் தரப்புக்குத் தெரிந்த பின் நடந்த வாக்கெடுப்பு அது.

கேள்வி: அதற்குப் பின் தீர்வு நெருங்கி வரவே இல்லையா?

பதில்: 2017 ஜூலையில், சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் மிக அருகே வந்தது, உத்தரவாதமும் படைவிலக்கமும்தான் அங்கும் முட்டுக்கட்டையாயின. 2020இல் வடக்கில் நடந்த தலைவர் தேர்தலில் வென்ற எர்சின் டாட்டார், கூட்டாட்சி வேண்டாம், இரண்டு அரசுகளே வேண்டும் என்றார். 2025 அக்டோபரில் அவரைத் தோற்கடித்த துஃபான் எர்ஹூர்மான் கூட்டாட்சியை ஆதரிப்பவர்.

கேள்வி: இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டா?

பதில்: உண்டு. சைப்ரஸில் உள்ள ஐ.நா. அமைதிப்படைக்கு ஞானி, திம்மையா, பிரேம் சந்த் என இந்தியத் தளபதிகள் மூவர் தலைமை தாங்கியுள்ளனர். திம்மையா 1965இல் பணியில் இருந்தபோதே அங்கு காலமானார்.

கேள்வி: இரு தரப்பும் சேர்ந்து உருப்படியாகச் செய்தது ஏதாவது உண்டா?

பதில்: சாக்கடை! சிரிக்க வேண்டாம். பிளவுபட்ட நிக்கோசியாவின் இரு மேயர்களான லெல்லோஸ் டிமெட்ரியாடிசும் முஸ்தஃபா அகிஞ்சியும் 1970களின் இறுதியில் கழிவுநீர்த் திட்டத்தில் ஒத்துழைத்தனர். இரு பக்கத்துக் கழிவுநீரும் வடக்கில் அமைந்த நிலையத்துக்குச் சென்றது. கிரான்ஸ் மொன்டானாவில் துருக்கிய சைப்ரியத் தலைவராக அமர்ந்தவரும் அதே அகிஞ்சிதான். இன்னொன்று, 1981இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் குழு. அதன் பட்டியலில் இருந்த 1510 கிரேக்க சைப்ரியர், 492 துருக்கிய சைப்ரியர் ஆகியோரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகளை இரு சமூக ஆய்வாளர்களும் சேர்ந்தே தோண்டியெடுத்து, அடையாளம் கண்டு, குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.