காணாமல்போன கோயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் ஒரு வாரமாகச் சிசிலியில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். சிராக்கூசாவின் பழைய நகரமான ஓர்த்திஜியா தீவைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியது நினைவில் இருந்ததால் அதற்கு அரை நாள் ஒதுக்கினோம். ஒரு கிரேக்கக் கோயிலிலிருந்து இன்னொரு கிரேக்கக் கோயிலுக்குப் பத்து நிமிட நடைதான் என்று எழுதியிருந்தீர்கள். முதலாவது, அப்போலோ கோயிலாம், வேலிக்குள்ளே இரண்டு தூண்களும் ஒரு குட்டிச்சுவரும். சரி, அடுத்தது நன்றாக இருக்கும் என்று ஃபோன் காட்டிய வழியில் நடந்தால் ஒரு பெரிய தேவாலயத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. டிக்கெட் எடுத்து உள்ளேயும் போனோம். தேவாலயம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதீனா கோயில் எங்கே? மனைவிக்குக் கால் வலி வந்துவிட்டதால் தேடுவதை விட்டுவிட்டு ஜெலாட்டோ சாப்பிட்டுத் திரும்பினோம். படங்கள் இணைத்திருக்கிறேன். நாளை மறுநாள் அக்ரிஜெந்தோ போகிறோம். அங்கேயாவது முழுக் கோயில் இருக்கிறது என்கிறார்கள், உண்மைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். தேவாலயத்துக்குள் உங்கள் மனைவி முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாரே, அந்தப் பருத்த தூணுக்கு ஏறத்தாழ 2500 வயது. அதுதான் அதீனா கோயில். நீங்கள் அதைத் தேடிய நேரமெல்லாம் அதற்கு உள்ளேதான் இருந்திருக்கிறீர்கள். தப்பு என்னுடையதுதான். போகிறவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அன்றைக்கு வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன், அந்தக் குறும்புக்கு உங்கள் மனைவியின் கால்வலி விலையாகிவிட்டது. அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

விஷயம் இதுதான். கி.மு. 480இல் ஹிமேரா என்ற இடத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கார்த்தேஜ் நகரத்தின் படையைத் தோற்கடித்த கெலோன், சிராக்கூசாவை ஆண்டவன், அந்த வெற்றிக்குப் பின் எழுப்பிய கோயில் அது. முகப்பில் ஆறு தூண், பக்கவாட்டில் பதினான்கு, ஒவ்வொன்றும் எட்டரை மீட்டர் உயரம் இருக்கும். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சொசிமோ என்ற ஆயர் காலத்தில் அதைத் தேவாலயமாக்கினார்கள். எப்படி ஆக்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் அலுக்காத பகுதி. பெரிதாக எதையும் இடிக்கவில்லை. வெளியே வரிசையாக நின்ற தூண்களுக்கு இடையிலிருந்த சந்துகளைக் கல் வைத்து அடைத்தார்கள், அது தேவாலயத்தின் வெளிச்சுவராயிற்று. உள்ளே கருவறையின் மூடிய சுவர்களில் பக்கத்துக்கு எட்டாக வளைவு வளைவாக வெட்டித் திறந்தார்கள், அது நடுக்கூடமாயிற்று. திறந்திருந்ததை மூடி, மூடியிருந்ததைத் திறந்து, ஒரு சட்டையை உட்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டது போல. அந்த எட்டு வளைவுகளை நீங்கள் சாதாரணத் தேவாலயத் தூண்கள் என்று நினைத்து ஏறிட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் முதல் தடவை பார்க்கவில்லை.

இன்னொன்று. கிரேக்கர்களுக்குக் கோயில் வாசல் கிழக்கே, தேவாலயத்துக்கோ பீடம் கிழக்கே. அதனால் வாசலை மேற்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆக நீங்கள் டிக்கெட்டைக் காட்டி நுழைந்தது கோயிலின் கொல்லைப்புறம் வழியாக. 878இல் அரபிகள் நகரைப் பிடித்தபோது அது மசூதி, 11ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களான நார்மன்கள் வந்தபோது மறுபடி தேவாலயம். 1693 நிலநடுக்கத்தில் முகப்பு சரிந்தது. உங்களை ஏமாற்றிய அந்த வெள்ளை முகப்பு அதற்குப் பிறகு, 1728இல் தொடங்கி, அந்த்ரேயா பால்மா வரைந்து கட்டியது.

உங்கள் ஃபோன் எந்த வழியில் கூட்டிப்போனது என்று ஊகிக்க முடிகிறது. வியா லந்தோலினா வழியாகச் சதுக்கத்துக்குள் வந்தால் கண் நேரே முகப்பின் மேல்தான் போகும். நான் நடக்கிற வழி வேறு. அப்போலோ கோயிலை விட்டுக் கிளம்பி கோர்சோ மத்தியோத்தியில் மேலே வர வேண்டும். துணிக்கடையும் செருப்புக்கடையுமாக இருக்கிற தெரு, பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பெயரைக் கவனியுங்கள். 1930களில் பாசிஸ்டுகள் வீடுகளை இடித்து நேர்கோடாகப் போட்ட சாலை இது, அன்றைக்கு அவர்கள் சின்னத்தின் பெயரையே இதற்கு வைத்தார்கள். போருக்குப் பின் அதை எடுத்துவிட்டு, 1924இல் அதே பாசிஸ்டுகள் கொன்ற சோஷலிசத் தலைவர் மத்தியோத்தியின் பெயரை வைத்துவிட்டார்கள். அது ஆர்க்கிமிடீஸ் சதுக்கத்தில் முடிகிறது. நீரூற்றைச் சுற்றிக்கொண்டு வியா ரோமாவில் இறங்கி, வலது கைப்பக்கம் வியா மினர்வா வரும், அங்கே திரும்புங்கள். மினர்வா என்றால் ரோமர்கள் வாயில் அதீனா.

அந்தச் சந்தில்தான் எல்லாம் இருக்கிறது. இடது பக்கம் தேவாலயத்தின் நீண்ட சுவர், உச்சியில் கோட்டை மதில் மாதிரிப் பல் பல்லாக. அந்தச் சுவருக்குள்ளிருந்து தூண்கள் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தலையணை போன்ற தலைப்பகுதி, அதன் மேல் சதுரப் பலகை, எல்லாம் அப்படியே. நிலநடுக்கங்களில் ஆடியதால் சில தூண்கள் நேராக இல்லை, தலை ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தடவிப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கை எட்டுகிற உயரத்தில் வரிப்பள்ளங்கள் தேய்ந்து வழவழவென்றும், அதற்கு மேலே கரகரப்பாகவும் இருக்கும்.

உள்ளே மறுபடி போனால் வலது பக்கம் முதல் சிற்றாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியைப் பாருங்கள். அது கிரேக்கர் காலத்துப் பளிங்குக் கிண்ணம், தாங்கி நிற்பவை ஏழு குட்டி வெண்கலச் சிங்கங்கள். அந்த ஊரில் எதையும் தூக்கிப் போடுவதில்லை என்று அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதினேன். அப்புறம்தான் தெரிந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழமையை மீட்கிறோம் என்று நடுக்கூடத்தின் பரோக் என்ற ஆடம்பரப் பாணிச் சுதை வேலையையெல்லாம் உரித்துப் போட்டிருக்கிறார்கள். ஆக அதுவும் முழுக்கத் தப்பவில்லை.

இப்போது உங்கள் குட்டிச்சுவருக்கு வருகிறேன். அப்போலோ கோயில் அதீனா கோயிலைவிட நூறு வருஷமாவது மூத்தது, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மரத்தில் கட்டிப் பழகியவர்கள் கல்லுக்கு மாறிய காலம். தூண் ஒவ்வொன்றும் ஒரே கல், பக்கவாட்டில் மட்டும் பதினேழு. தூணுக்கும் தூணுக்கும் நடுவே இடமே இல்லாமல் நெருக்கி நெருக்கி நிறுத்தியிருப்பார்கள், மேலே வைக்கும் கல் உத்தரம் நடுவில் முறிந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் பெருமைக்கும் குறைவில்லை. கிழக்கு முகப்பின் படி விளிம்பில் ஒருவன் தன் பெயரைப் பெரிய எழுத்தில் வெட்டி, அப்போலோவுக்காகச் செய்தேன், தூண்களைப் பாருங்கள் என்கிற தோரணையில் பெருமை அடித்திருக்கிறான். நெடுங்காலம் டயானா கோயில் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றியது அந்த ஒரு வரிதான்.

அதுவும் தேவாலயமாக இருந்தது, மசூதியாக இருந்தது, திரும்பத் தேவாலயமாயிற்று. அதுவரை இரண்டுக்கும் ஒரே ஜாதகம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதைப் படைவீரர் குடியிருப்பாக்கினார்கள், சுற்றிலும் வீடுகள் ஏறின. கல் பெரும்பாலும் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. கடைசியில் 20ஆம் நூற்றாண்டில் அகழாய்வு என்று வந்து, மேலே ஒட்டியிருந்ததையெல்லாம் பிய்த்தெடுத்து, மிச்சத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். நீங்கள் பார்த்தது அந்த மிச்சம். குட்டிச்சுவர் என்றீர்களே, அது கருவறைச் சுவர், அதில் இருக்கும் வளைவு வாசல் நடுக்காலத்துத் தேவாலயத்துடையது, எப்படியோ தப்பிவிட்டது.

கொள்ளை போனது கல் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கி.மு. 212இல் நகரை வென்ற ரோமத் தளபதி மார்செல்லஸ்கூட அதீனா கோயிலைத் தொடவில்லை. கி.மு. 73இல் ஆளுநராக வந்த வெர்ரெஸ் சுவரிலிருந்த ஓவியங்களைக் கழற்றினான், தந்தமும் தங்கமும் இழைத்த கதவுகளைச் சுரண்டினான். அவன் மேல் வழக்கு நடத்திய ரோமப் பேச்சாளர் சிசரோ இதையெல்லாம் பட்டியல் போடும்போது, நம்ப முடியாத நீளமுள்ள புல்தண்டு ஈட்டிகளையும் விடவில்லையே என்று அலுத்துக்கொள்கிறார். மூங்கிலாக இருக்கலாம் என்கிறார்கள். ஒருமுறை பார்த்தால் போதும், இரண்டாம் முறை பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று அவரே சொல்லும் பொருள். திருடனுக்கு ரசனை இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது போல.

சரி, அக்ரிஜெந்தோ. ஆமாம், அங்கே கொன்கோர்தியா கோயில் கிட்டத்தட்ட முழுசாக நிற்கிறது. ஏன் நிற்கிறது தெரியுமா? அதுவும் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேவாலயமாகிவிட்டது, அதே மாதிரி தூண்களுக்கு இடையிலிருந்த சந்துகளை அடைத்து, சுவரை வெட்டி. 18ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தைக் கழற்றிவிட்டுத் தூண்களை மட்டும் விட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம், தூண்களுக்குப் பின்னால் கருவறைச் சுவரில் வளைவுகள் வெட்டியிருக்கும், பக்கத்துக்கு ஆறு. எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். காலையிலேயே போங்கள், அந்த மேட்டில் நிழல் கிடையாது.