ஸ்கீ பழக வேண்டுமா? நம்ம ஊர்க் கேள்விகளும் என் பதில்களும்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். ஒஸ்லோவில் ஒன்பது வருஷம் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, இப்போது நானுஓயாவில் இருக்கிறேன். நோர்வே, பின்லாந்து, கனடா என்று கிளம்புகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஸ்கீயைப் பற்றி, அதாவது காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்கிப் போவதைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் சாம்பியன் எல்லாம் இல்லை. முப்பத்தொரு வயதில் பழகத் தொடங்கி, நூறு தடவை விழுந்து, ஒருவழியாகத் தேறியவள். சின்ன வயதிலேயே பழகியவர்களுக்கு மறந்துபோன சங்கடமெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஒஸ்லோவுக்குப் படிக்கப் போகிறேன். படத்தில் மலை உச்சியிலிருந்து பறந்து வருகிறார்களே, அதையா எல்லோரும் செய்கிறார்கள்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அது வேறு, இது வேறு தம்பி. மலையிலிருந்து இறங்குகிற ஸ்கீயில் பாதம் முழுக்கப் பலகையோடு இறுக்கிப் பூட்டியிருக்கும். நீங்கள் பழகப் போவதில் சப்பாத்தின் முன்விரல் பக்கம் மட்டும்தான் பூட்டு. குதிகால் தூக்கலாம், நடக்கலாம், மேட்டில் ஏறலாம். பலகையும் மெல்லியது, எடையில்லாதது. காட்டுக்குள் மெசின் போட்டு இரண்டு கோடு கீறி வைத்திருப்பார்கள், ரயில் தண்டவாளம் மாதிரி. அதில் காலை வைத்துப் போக வேண்டியதுதான். இதற்கு 'கிளாசிக்' என்று பெயர். கோடு இல்லாத அகலப் பாதையில் பக்கவாட்டில் உதைத்துப் போகிற 'ஸ்கேட்' முறையும் உண்டு. முதல் வருஷம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ராகலையிலிருந்து ஒரு தங்கச்சி: நுவரெலியாவில் ஜனவரியில் பனி கொட்டுகிறதே, அதில் பழக முடியாதா?

இந்தக் கேள்விக்குக் காரணமே 'பனி' என்ற சொல்தான். காலையில் மூடுகிற மூட்டமும் நமக்குப் பனி, புல்லில் வெள்ளையாகப் படிவதும் பனி, அங்கே வானத்திலிருந்து விழுவதும் பனி. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் படிவது உறைபனி. தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்கு இலையையும் கருக்கிவிட்டு, வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். நகம் அளவுகூடத் தடிப்பு இருக்காது. ஸ்கீக்கு வேண்டியது தரையை மூடி, அழுத்தினால் இறுகுகிற வெண்பனி.

ஆனால் இங்கேயே பழக ஒன்று இருக்கிறது: ஒற்றைக் காலில் நிற்பது. குழாயடியில் வாளி நிரம்பும் வரை ஒரு காலில் நில்லுங்கள், அடுத்த வாளிக்கு மறு கால். சிரிப்பார்கள், பரவாயில்லை. சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீ வாங்கி ரோட்டில் பழகலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சாதாரண ரோலர் ஸ்கீக்கு பிரேக் கிடையாது. ரதல்ல இறக்கத்தில் பிரேக் உள்ள வண்டிகளே தடுமாறுகின்றன. வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி (இப்போது பின்லாந்தில்): ஒவ்வொரு எட்டுக்கும் பின்னால் வழுக்கிக்கொண்டே போகிறேன். பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை என்னைத் தாண்டிப் போகிறது. என் ஸ்கீ சரியில்லையா?

ஸ்கீயில் பிழை இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் பிழை நம்மிடம்தான். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஸ்கீயை வீட்டுத் தரையில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி வில் மாதிரி மேலே வளைந்து நிற்கும். இரண்டிலும் ஏறி பாரத்தைச் சமமாக வைத்தால், காலுக்குக் கீழே ஸ்கீக்கு அடியில் வைத்த காகிதத் துண்டை இழுத்து எடுக்கலாம். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டால் காகிதம் அசையாது. ஸ்கீயின் வேலையே இவ்வளவுதான். பிடிப்புக்காகப் பூசுகிற மெழுகோ, அதற்குப் பதிலாக ஒட்டுகிற ரோமப்பட்டையோ அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. முழுப் பாரமும் இறங்கினால் அது பனியில் பதிந்து பிடிக்கும், நீங்கள் உதைத்து முன்னே போகலாம். பாரம் பாதிப் பாதியாக இருந்தால் அது பனியைத் தொடாது, கால் பின்னே வழுக்கும்.

பயத்தில் நாம் எல்லோரும் இரண்டு காலிலும் பாரத்தை வைத்துக்கொண்டு நகரப் பார்க்கிறோம். அந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. ஒரு மணி நேரம் கையில் ஊன்றுகிற கம்புகளை ஓரமாக வைத்துவிட்டு, கையை வீசிச் சமதரையில் போய்ப் பாருங்கள். கம்பு இருந்தால் அதில் சாய்ந்துவிடுவோம், கால் எதையும் பழகாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் நான் வேலை பார்த்த இல்லத்தில் இருந்த எண்பது வயதுப் பாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

அதற்குப் பிறகும் காகிதம் சிக்கவில்லை என்றால் ஸ்கீ உங்கள் எடைக்கு விறைப்பு அதிகம். மாற்றுங்கள்.

கொட்டகலையிலிருந்து ஒருவர்: எல்லாம் வாங்க நிறையச் செலவாகுமே. மெழுகு எது வாங்குவது?

முதல் வருஷம் எதையும் புதிதாக வாங்காதீர்கள். நோர்வேயில் பூவா என்றொரு அமைப்பு ஸ்கீ, சப்பாத்து, கம்பு எல்லாம் காசில்லாமல் இரவல் தருகிறது. (பெயரைக் கேட்டதும் சோறு போடுகிற இடம் என்று நினைத்தேன்.) கிளாசிக் கம்பு நின்றால் தோள் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வர வேண்டும்.

மெழுகு ஒரு தனி வித்தை. கடுங்குளிருக்குப் பச்சை, அதற்கு மேல் நீலம், பூச்சியத்தை நெருங்கும்போது ஊதா, சிவப்பு என்று நிறம் நிறமாக இருக்கும். காலையில் ஒன்று பூசி மத்தியானம் வெயில் வந்தால் இன்னொன்று. அதில் ஒரு சுகம் இருக்கிறது, ஆனால் புதியவருக்கு அது தேவையில்லாத தலையிடி. அடியில் ரோமப்பட்டை ஒட்டிய ஸ்கீயைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்று பேர் ஒரே கேள்வி: விழுந்தால் எப்படி எழும்புவது?

முதல் நாள் ஒஸ்லோவில் சொங்ஸ்வன் ஏரிக்கரையில் விழுந்தேன். எழும்பத் தெரியாமல் கவிழ்ந்த கரப்பான் பூச்சி மாதிரி பத்து நிமிஷம் கிடந்தேன். நாய் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது. முறை இதுதான்: மல்லாக்கப் புரண்டு ஸ்கீ இரண்டையும் காற்றில் தூக்கி சிக்கலை எடுங்கள். பிறகு ஒரு பக்கம் சரிந்து, ஸ்கீ இரண்டையும் சேர்த்துச் சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். நேரே வைத்தால் எழும்பும்போதே ஓடிவிடும். முட்டி போட்டு, ஒரு காலை ஊன்றி எழுங்கள். விழப் போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் குந்தி விழுவது நல்லது.

இறக்கத்தில் நிறுத்த, முன்நுனிகளைக் கிட்டே கொண்டுவந்து குதிகால்களை வெளியே தள்ளுங்கள். நோர்வேக்காரர்கள் அதைக் கலப்பை என்றே சொல்வார்கள். பயமாக இருந்தால் ஸ்கீயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக இறங்குங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒன்று மட்டும்: விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். மேலிருந்து வருகிறவருக்குத்தான் முதலிடம், அவரால் சட்டென்று நிற்க முடியாது.

பூண்டுலோயாவிலிருந்து ஓர் அம்மா: மகளுக்குத் தடித்த ஸ்வெட்டர் இரண்டு, பருத்தி பெனியன் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். போதுமா?

ஸ்வெட்டர் கம்பளி என்றால் சரி அம்மா. பெனியனை வீட்டில் போடட்டும். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். நின்றதும் உடம்பு விறைக்கும். மேலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, நடுவில் இன்னொன்று, வெளியே காற்றைத் தடுக்கிற ஜாக்கெட். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் கால் மணியில் வியர்த்துக் கொட்டும்.

வட்டவளையிலிருந்து ஒரு தம்பி: போட்டிக்கெல்லாம் போகலாமா?

போகலாம், அவசரமில்லை. நோர்வேயில் பிர்க்கெபைனர் என்று ஒன்று, 54 கிலோமீட்டர், முதுகில் குறைந்தது 3.5 கிலோ சுமையோடு. 1206இல் உள்நாட்டுச் சண்டைக்கு நடுவே, குழந்தையாக இருந்த இளவரசன் ஹாக்கோனை இரண்டு வீரர்கள் ஸ்கீயில் மலை தாண்டிக் கொண்டுபோய்க் காப்பாற்றிய ஞாபகத்துக்கு. சுமை அந்தக் குழந்தைக்காக. எங்கள் அம்மாவிடம் சொன்னேன். "மூணரைக் கிலோக் கொழுந்தோட யாரு நிறுவைக்குப் போவா?" என்றார்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா: மகன் உறைந்த ஏரி மேல் நின்று போட்டோ அனுப்பியிருக்கிறான். இரவெல்லாம் தூக்கமில்லை. தாங்குமா?

நடுக்குளிர்காலத்தில் கெட்டியான ஐஸ் 10 சென்டிமீட்டர் இருந்தாலே ஓர் ஆளைத் தாங்கும். ஆனால் ஆறு வந்து விழுகிற இடத்திலும் தண்ணீர் வெளியேறுகிற இடத்திலும் ஓரத்திலும் அது மெலிந்திருக்கும், மேலே பனி மூடினால் கண்ணுக்கும் தெரியாது. மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஊர்க்காரர்கள் பாதை போட்ட ஏரியில் மட்டும் போ, தனியாகப் போகாதே, மார்ச்சுக்குப் பிறகு போகவே போகாதே. கழுத்தில் மாட்டிக்கொள்ள, முனையில் ஆணி வைத்த இரண்டு கைப்பிடிகள் விற்கிறார்கள். உள்ளே விழுந்தால் ஐஸில் குத்தி ஏற அதுதான் உதவும். அடுத்த போட்டோவில் அது கழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.