ஃபீட் முகவரி யார் கையில்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இலக்கணப் பாடங்களை நாற்பது பகுதிகளாகப் பேசி ஒரு செயலியில் ஏற்றியிருக்கிறேன். பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், இதுக்கு ஃபீட் இருக்கா?" என்று கேட்டான். ஃபீட் என்றால் என்ன? எனக்கு அது தேவையா?

கட்டாயம் தேவை அம்மா. மாணவன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

உங்களுடையதுபோல் பகுதி பகுதியாக இணையத்தில் வரும் ஒலி நிகழ்ச்சியைப் பாட்காஸ்ட் என்பார்கள். அதன் ஃபீட் என்பது வெறும் எழுத்தாலான ஒரு சின்னக் கோப்பு, அதை எழுதும் முறைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். இணையத்தில் அதற்கென்று ஒரு முகவரி இருக்கும். நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் இடம், அதன் அளவு, வகை, இவ்வளவுதான் அதில் முக்கியமானவை. நீங்கள் புதிதாக ஒரு பாடம் போட்டால் அதில் சில வரிகள் கூடும். கேட்பவரின் செயலி அவ்வப்போது அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்து வந்துவிடும். தமிழில் இதை 'ஓடை' என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஓடையில் யாரும் குடத்தை வைத்து மொண்டுகொள்ளலாம். யாருடைய குடம் என்று ஓடை பார்ப்பதில்லை. அதுபோல, ஃபீட் இருந்தால் எந்தச் செயலியிலும் உங்கள் பாடத்தைக் கேட்கலாம். இப்போது அது ஒரே குடத்துக்குள் இருக்கிறது.

முகவரி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் நிகழ்ச்சியை ஓர் இலவச சேவையில் வைத்திருந்தேன். முகவரியும் அவர்களுடையதே. 62 பகுதிகள் ஆன நிலையில், ஒரு மாதத்தில் சேவையை மூடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. ஒலிக்கோப்புகளை எல்லாம் இறக்கிக்கொண்டேன். ஆனால் பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட அவர்கள் வழி வைக்கவில்லை. நேயர்களின் செயலிகள் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தன. நான் புது இடத்தில் பேசிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. பல மாதம் கழித்து, பார்வையற்ற நேயர் ஒருவர் என்னைத் தேடிப்பிடித்து, "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், வாங்கி, ஃபீட் முகவரியை அதன்கீழ் வையுங்கள். முடியாவிட்டால், 'வெளியேறும்போது 301 ரீடைரக்ட் தருவீர்களா?' என்று உங்கள் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று செயலிகளுக்குச் சொல்லும் குறிப்பு அது. அப்புறம், இடம் மாறும்போது ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள அடையாள எண் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் நாற்பது பாடங்களும் புதியவை என்று நினைத்துச் செயலி மறுபடி இறக்கும்.

கேள்வி: பல தளங்களின் ஃபீடுகளை ஓரிடத்தில் படிக்கத் தந்த கூகுள் ரீடரை மூடியபோதே ஆர்.எஸ்.எஸ். செத்துவிட்டது என்கிறார்களே?

2013 ஜூலை 1-ல் மூடியது ஒரு வாசகசாலை மட்டுமே. நானும் தினமும் அங்கே போய்க்கொண்டிருந்தவன், எனக்கும் வலித்தது. ஆனால் ஆர்.எஸ்.எஸ். ஒருவர் சொத்து இல்லை. 1999-ல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் ராமநாதன் குஹாவும் டேன் லிபியும் தொடங்கியது. 2000 டிசம்பரில் மென்பொருளாளர் டேவ் வைனர் அதில் 'என்க்ளோஷர்' என்ற ஒரு குறியைச் சேர்த்தார். செய்தியோடு ஒரு கோப்பையும் கோத்து அனுப்பும் வசதி அது. தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி இதற்காக அவரிடம் விடாமல் பேசியவர். பாட்காஸ்ட் முளைத்தது அந்த ஒரு குறியிலிருந்துதான். பெயர்கூட அப்போது கிடையாது, 2004-ல்தான் பென் ஹேமர்ஸ்லியின் கார்டியன் நாளிதழ்க் கட்டுரையில் அந்தச் சொல் வந்தது.

2024-ல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியையும் மூடியது. நேயர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்ற சிறிய கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போனார்கள். நிகழ்ச்சிகள் அதற்காக நிற்கவில்லை. செத்துப்போன ஒன்றால் இதைச் செய்ய முடியுமா?

கேள்வி: சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஒரு பாட்காஸ்டில் விளம்பரம் கேட்கிறார்கள். ஒரு பகுதிக்கு 5,000 பதிவிறக்கம் என்கிறார்கள். 5,000 பேர் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. விளம்பரத் துறையின் பொது அளவுகோல்படி, ஒரு நிமிட ஒலி இறங்கினாலே அது ஒரு பதிவிறக்கம். ஒரே கருவி அதே பகுதியை 24 மணி நேரத்துக்குள் மறுபடி இறக்கினால் சேர்த்து எண்ணுவதில்லை. ஆனால் இறங்கிய கோப்பை மனிதர் கேட்டாரா என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. 2023-ல் ஐபோனுக்கான ஐ.ஓ.எஸ். 17 மென்பொருள் வந்தபோது, புதிய பகுதிகளைத் தானாக இறக்கும் முறையை ஆப்பிள் மாற்றியது. பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. அவற்றை உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் போய்விடவில்லை, யாரும் கேட்காமல் கிடந்த கோப்புகள்தான் கணக்கிலிருந்து போயின.

ஆகவே, 'சராசரியாக எவ்வளவு தூரம் கேட்கிறார்கள்?' என்று கேளுங்கள். பெரிய செயலிகள் அந்த விவரத்தை நிகழ்ச்சி நடத்துபவருக்குக் காட்டுகின்றன. விளம்பரத்தை அவரே தன் குரலில் சொல்லட்டும். உங்களுக்கென்று ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்து, எத்தனை பேர் அதோடு வருகிறார்கள் என்று நீங்களே எண்ணுங்கள். இன்னொன்று: இப்போது பல சேவைகளில் விளம்பரத்தைப் பதிவிறக்கும் நேரத்தில்தான் செருகுகிறார்கள். மூன்று வருடம் பழைய பகுதியிலும் இன்றைய விளம்பரம் வரும். உங்களுடையது குறிப்பிட்ட காலத்துக்கா, அந்தப் பகுதியில் நிரந்தரமாகவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், உங்கள் தொழிலைப் பற்றியே பேசுகிற, முந்நூறு பேர் கடைசிவரை கேட்கிற நிகழ்ச்சியைத்தான் முதலில் தேடுவேன்.

கேள்வி: என் அரை மணி நேரப் பேச்சு 58 எம்.பி. வருகிறது. நேயர்கள் டேட்டா போகிறது என்கிறார்கள். குறைக்கலாமா?

தாராளமாக. நீங்கள் 256 கே.பி.பி.எஸ். (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பேச்சு மட்டும் என்றால் மோனோவில், அதாவது ஒரே தடத்தில், 64 போதும், 14.4 எம்.பி.தான் வரும். இசை கலந்த பகுதிகளுக்கு மட்டும் இரு தடங்கள் உள்ள ஸ்டீரியோவில் 128 வையுங்கள். சுருக்காத மூலப் பதிவை அழித்துவிடாமல் தனியாக ஒரு வட்டில் போட்டுவையுங்கள்.